தோளால் இடித்துப் பந்தை எடுப்பது எப்படி: விசில் வாங்காமல் கற்றுக்கொள்ள ஒரு வழிகாட்டி

கால்பந்தில் நான் தடுப்பாட்டக்காரன். ஆடத் தொடங்கிய முதல் இரண்டு பருவங்களில் நான் கொடுத்த ஃபவுல்களில் பெரும்பாலானவை தோளால் கொடுத்தவை. ஒவ்வொரு முறையும் இரு கைகளையும் விரித்து, "தோள்தானே சார்!" என்று நடுவரிடம் முறையிடுவேன். ஒருமுறைகூட அவர்கள் மனம் மாறியதில்லை. மாறாததுதான் சரி என்பது எனக்குப் புரிய வெகுகாலம் ஆனது. தோளால் இடித்தால் தப்பில்லை என்று எங்கோ காதில் விழுந்ததை நம்பி, முழு விஷயமும் அவ்வளவுதான் என்று இருந்துவிட்டேன்.

நான் பட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். கட்டுரை தோளைப் பற்றியது. ஆனால் பாதிக்கு மேல் காலைப் பற்றித்தான் பேசப்போகிறேன். காரணம் ஐந்தாம் படியில் தெரியும்.

1. முதலில் விதியைப் படியுங்கள்

தேவையான ஆவணம் ஒன்றே ஒன்று: ஆட்ட விதிகள். சர்வதேச கால்பந்து சங்க வாரியம் (ஐஃபாப்) அதைத் தன் இணையதளத்தில் இலவசமாகத் தருகிறது, செயலியாகவும் கிடைக்கிறது. மொத்தம் 17 விதிகள். உங்களுக்கு வேண்டியது 12ஆம் விதியும், நூலின் பின்பகுதியில் உள்ள சொல்விளக்கமும். அரை மணி நேரத்தில் படித்துவிடலாம். திருத்தங்கள் வழக்கமாக ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வரும் என்பதால் பழைய பிரதியை வைத்துக்கொண்டு வாதாடாதீர்கள்.

படிக்கும்போது முதலில் கண்ணில் படுவது ஓர் ஏமாற்றம். எதிராளியை இடிப்பது, நேரடி ஃப்ரீ கிக் (எதிரணி நேராகக் கோலுக்கே அடிக்கக்கூடிய உதை) தரும் குற்றங்களின் பட்டியலில் முதலாவதாக நிற்கிறது. 'தோளால் இடிக்கலாம்' என்று தனியாக ஓர் அனுமதி வரி கிடையாது. கவனக்குறைவாகவோ, பொறுப்பற்ற முறையிலோ, அளவுக்கு மீறிய பலத்தோடோ இடித்தால்தான் அது குற்றம். இந்த மூன்றிலும் சேராத இடி ஆட்டத்தின் பகுதி. நமக்குக் கிடைப்பது அந்த இடைவெளிதான்.

சொல்விளக்கம் இந்த மோதலைப் பெரும்பாலும் தோளாலும், உடலோடு ஒட்டிவைத்த மேற்கையாலும் செய்வது என்கிறது. 'உடலோடு ஒட்டிவைத்த' என்ற அந்தச் சொற்களை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். அடுத்து 'ஆடும் தூரம்' என்றால் என்ன என்று பாருங்கள்: காலை நீட்டியோ தாவியோ பந்தைத் தொட முடிகிற தூரம். அது ஆளின் உடலளவைப் பொறுத்து மாறும். பந்து அந்தத் தூரத்துக்குள் இருக்கும்போது ஒருவர் உங்களுக்கும் பந்துக்கும் நடுவே நின்று அதை மறைத்துக்கொள்ளலாம். கையாலோ உடலாலோ உங்களைத் தள்ளிப் பிடித்து வைக்கக் கூடாது. அதே நேரத்தில் அவரை நீங்கள் முறையாக இடிக்கவும் செய்யலாம். இந்த இரண்டையும் விதி அடுத்தடுத்த வாக்கியங்களில் சொல்கிறது. எங்கள் அணியில் பலருக்கு முதல் வாக்கியம் மட்டுமே தெரிந்திருந்தது.

2. தவறினால் என்ன செலவு என்று கணக்குப் போடுங்கள்

கவனக்குறைவான இடிக்கு நேரடி ஃப்ரீ கிக், அட்டை இல்லை. எதிராளிக்கு என்ன ஆகும் என்று பொருட்படுத்தாமல் பாய்ந்தால் மஞ்சள் அட்டை. அளவுக்கு மீறிய பலம் என்றால் சிவப்பு அட்டை. சொந்தப் பெனால்டி பகுதிக்குள் செய்தால் எதிரணிக்கு 11 மீட்டரிலிருந்து ஓர் உதை.

எதிராளிக்குத் தெளிவான கோல் வாய்ப்பு இருந்து, அதை ஃபவுலால் கெடுத்தால் கணக்கு வேறு. பகுதிக்கு வெளியே என்றால் சிவப்பு. உள்ளே செய்து பெனால்டியும் கொடுக்கப்பட்டால், நீங்கள் பந்துக்காக மோதினீர்களா என்பதை நடுவர் பார்ப்பார். பந்துக்காக என்றால் மஞ்சளோடு தப்பலாம். தள்ளினாலோ, பிடித்து இழுத்தாலோ, பந்தை ஆட வாய்ப்பே இல்லாத இடத்தில் மோதினாலோ வெளியே போக வேண்டியதுதான்.

ஆகவே மைதானத்தின் நடுவே, பக்கக்கோட்டருகே, எதிராளி கோலை விட்டு விலகி ஓடும்போது பழகுங்கள். பெனால்டி பகுதிக்குள் முயல்வதைக் கையில் நன்றாக வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

3. பின்னாலிருந்து வராதீர்கள், பக்கத்துக்கு வாருங்கள்

என் மிக மோசமான இடியை இங்கே சொல்லியாக வேண்டும். ஆட்டம் முடியப் பதினைந்து நிமிடம் இருந்தது. எதிரணியின் இடப்பக்க ஆட்டக்காரர் பந்தை முன்னே தட்டிவிட்டு ஓடினார். நான் உள்பக்கத்திலிருந்து, ஏறக்குறைய பத்து எட்டுத் தூரத்திலிருந்து, சாய்கோட்டில் முழு வேகத்தில் வந்தேன். தோளைத்தான் குறிவைத்தேன், சத்தியமாக. ஆனால் நான் போய்ச் சேர்வதற்குள் அவர் அரை எட்டு முன்னே போய்விட்டார். என் தோள் அவருடைய தோள்பட்டை எலும்பில், அதாவது முதுகில், பட்டது. அவர் முகம் குப்புற விழுந்தார். பெனால்டி, மஞ்சள் அட்டை, தோல்வி. "தோள்தானே சார்!" என்று அன்றும் சொன்னேன். "யாருடைய தோள்?" என்று நடுவர் கேட்டார்.

அவர் கேட்டது நல்ல கேள்வி. உங்கள் தோள் பட்டால் மட்டும் போதாது. அது அவருடைய தோளில் பட வேண்டும். அதற்கு முன்பாக நீங்கள் அவருக்கு இணையாக, ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். உங்கள் இடுப்பு அவர் இடுப்புக்கு நேராக வந்துவிட்டதா என்று கீழ்ப்பார்வையில் பாருங்கள். வரவில்லை என்றால் இடிக்காதீர்கள், ஓடுங்கள். இரண்டு எட்டு தாமதிப்பதில் பெரும்பாலும் எதுவும் குடிமுழுகிப் போகாது. பந்தோடு ஓடுபவர் பந்தைத் தொடும்போதெல்லாம் கொஞ்சம் வேகம் குறைவார், அப்போது எட்டிவிடலாம்.

தூரத்திலிருந்து வேகம் சேர்த்துக்கொண்டு வந்து மோதுவதை அடியோடு விட்டுவிடுங்கள். தோளில் சரியாகப் பட்டாலும் நடுவர் கண்ணுக்கு அது பொறுப்பற்ற பாய்ச்சல்தான். ஒரு கை நீளத்துக்குள் இருந்து கொடுக்கும் இடியே முறையான இடி.

4. கையை மடக்குங்கள், முழங்காலையும்

எதிராளியின் பக்கம் இருக்கும் கையை முழங்கையில் மடக்கி விலாவோடு ஒட்டிவையுங்கள். சொல்வது எளிது. ஓடும்போது கை தானாக விரியும், மோதும் நொடியில் தானாகத் தள்ளும். இதை உடலுக்குப் பழக்க ஒரே வழி, பயிற்சியின்போது அந்தக் கையால் உங்கள் சட்டையின் கீழ் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மோதுவது. முதல் நாள் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

மோதும் இடம் தோளின் நுனி எலும்பு அன்று. அதற்குச் சற்றுக் கீழே, மேற்கையின் சதைப்பகுதி. நுனியால் குத்தினால் அவரை விட உங்களுக்குத்தான் வலிக்கும். தோள் மூட்டில் முன்பே காயமோ நழுவலோ ஏற்பட்டவர்கள் மருத்துவர் சரி என்று சொல்லும்வரை இந்தப் பக்கமே வர வேண்டாம்.

முழங்கால்களை மடக்கி உடலைத் தாழ்த்துங்கள். இதற்கு இரண்டு காரணம். தாழ்ந்த உடலைச் சாய்ப்பது கடினம் என்பது ஒன்று. நீங்கள் உயரமானவராக இருந்தால் நிமிர்ந்தபடி கொடுக்கும் இடி குட்டையானவரின் கழுத்திலோ தலையிலோ போய்ப் படும் என்பது மற்றொன்று. அந்த ஃபவுலுக்கு விளக்கம் சொல்லவே முடியாது. குட்டையானவர்களுக்கு ஒரு சந்தோஷ செய்தி: இந்தக் கலையில் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. எங்கள் அணியிலேயே குட்டையானவரை இடிக்கப் போய் நான் இரண்டு முறை புல்லில் உட்கார்ந்திருக்கிறேன்.

குதிக்காதீர்கள். உங்கள் ஒரு காலாவது தரையில் இருக்கட்டும். எதிராளி மீது தாவுவது பட்டியலில் தனிக் குற்றம்.

5. எந்தக் காலில் நிற்கிறார் என்று பாருங்கள்

ஓடும் மனிதர் எந்த நொடியிலும் ஒரு காலில்தான் தரையைத் தொடுகிறார், சில நொடித் துளிகளில் அதுவும் இல்லை. அவருக்கு வலப்பக்கத்தில் நீங்கள் ஓடுகிறீர்கள் என்று வையுங்கள். அவர் வலக்காலில் நிற்கும்போது இடித்தால், காற்றில் இருக்கும் இடக்காலை அகலமாக ஊன்றிச் சமாளித்துக்கொள்வார். அவர் எடை முழுவதும் இடக்காலில், அதாவது உங்களுக்கு அப்பால் உள்ள காலில், இருக்கும்போது இடித்தால் அப்படி ஊன்ற அவரிடம் கால் இல்லை. வலக்காலைக் குறுக்கே கொண்டுவந்து வைக்க வேண்டும். அதற்குள் அரை எட்டு இடம் பெயர்ந்துவிடுவார். ஓடும் பஸ் வளைவில் திரும்பும்போது எந்தக் காலில் எடை இருந்தால் தடுமாறுகிறோம் என்று நினைத்துப் பாருங்கள், அதே கதைதான்.

உங்கள் பக்கத்தில் இது நேரெதிர். தூரத்துக் காலால் தரையை உந்தி, அருகிலுள்ள காலை ஊன்றியபடியே தோளைச் சேர்க்க வேண்டும். உந்துதல் தரையிலிருந்து வர வேண்டும். இடுப்புக்கு மேலே மட்டும் சாய்ந்து கொடுக்கும் இடியை அவர் சட்டென்று ஒதுங்கி வாங்காமல் விட்டால் நீங்கள்தான் விழுவீர்கள்.

சரியான நொடிக்கு இன்னோர் அடையாளம் உண்டு. பந்தைத் தட்டிவிட்டு, அடுத்த தொடுதலுக்கு முன்னால் அவர் பார்வையை நிமிர்த்துவார். அப்போது பந்து அவர் காலை விட்டு ஓர் எட்டு முன்னே இருக்கும்: ஆடும் தூரத்துக்குள், ஆனால் யார் காலிலும் இல்லை. அந்த நேரம்தான் உங்களுடையது. பந்து அவர் காலோடு ஒட்டியிருக்கும்போது இடித்தால் இருவர் காலும் பின்னிக்கொள்ளும், தோள் சுத்தமாக இருந்தாலும் இடறிவிட்டதாக விசில் வரும்.

6. இடித்தது போதாது, காலை வையுங்கள்

புதியவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். ஓர் அருமையான இடி கொடுப்பார்கள், எதிராளி தள்ளாடுவார், இவர்கள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மூன்றாவது ஆள் வந்து பந்தை எடுத்துக்கொண்டு போவார்.

இடியின் பயன், எதிராளிக்கும் பந்துக்கும் நடுவே ஒரு கால் வைக்கும் அளவுக்கு இடம் கிடைப்பது. அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. தோள் சேர்ந்ததும், தூரத்துக் காலைப் பந்துக்கு நேராக வீசி முன்னேறுங்கள். அடுத்த எட்டில் அருகிலுள்ள கால் அவருடைய ஓட்டப் பாதைக்குள் வந்துவிடும். இப்போது அவர் உங்கள் பின்னால், பந்து உங்கள் முன்னால். இனி அவர்தான் உங்களை முதுகில் மோதாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த இரண்டு எட்டுகளும் தோளும் ஒரே அசைவாக வந்தால் நடுவரும் அதைப் பந்துக்கான போராட்டமாகவே பார்ப்பார். உங்கள் கண் எங்கே இருந்தது என்பதும் அவருக்குத் தெரியும். பந்தைப் பார்த்தபடி கொடுத்த இடிக்கும், ஆளைப் பார்த்துக் கொடுத்த இடிக்கும் வித்தியாசம் எதிர்க்கரையிலிருந்தே தெரிகிறது. நானே மைதானத்துக்கு வெளியே உட்கார்ந்து பார்த்தபோதுதான் இதை நம்பினேன்.

7. எல்லோரும் விழும் குழிகள்

எதிராளி உங்களுக்கு முதுகைக் காட்டிப் பந்தை மறைத்து நிற்கிறார், பந்து கோட்டைத் தாண்டி வெளியே போகக் காத்திருக்கிறார். உங்களுக்குத் தெரிவது முதுகு மட்டும். முதுகில் தோளைக் கொடுத்தால் அது தள்ளல். அரை வட்டமாகச் சுற்றி அவர் பக்கவாட்டுக்கு வந்தால் தோள் கிடைக்கும், அப்போது இடிக்கலாம். நேரம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள், எறிபந்துதானே. ஆனால் பந்து அவருடைய ஆடும் தூரத்தைத் தாண்டி உருண்டுகொண்டிருக்க, அவர் உங்கள் பாதைக்குள் நகர்ந்து வந்து வழியை மறித்தால் குற்றம் அவருடையது. உடல் பட்டால் நேரடி ஃப்ரீ கிக், படாமல் மறித்தால் மறைமுக ஃப்ரீ கிக் (இன்னொருவர் தொட்ட பிறகே கோலாகக்கூடிய உதை). கோபத்தில் நீங்கள் இடித்து அதை அவருக்குச் சாதகமாக மாற்றிவிடாதீர்கள். நான் மாற்றியிருக்கிறேன்.

பந்து போன பிறகு வரும் இடி. அவர் பாஸ் கொடுத்துவிட்டார், உங்கள் தோள் ஏற்கெனவே கிளம்பிவிட்டது. நிறுத்த முடியவில்லை என்பது நடுவரிடம் எடுபடாது. நிறுத்த முடியாத வேகத்தில் வந்ததுதான் கவனக்குறைவு.

இடுப்பால் கொடுப்பது. தோளைச் சேர்த்து, இடுப்பை வெளியே தள்ளி ஆளைத் தூக்கிவிடுவது சிலருக்குப் பழக்கம். சில நாள் தப்பும். அதை நம்பி ஒரு பழக்கத்தை வளர்த்துக்கொள்ள வேண்டாம்.

சட்டையைப் பிடிக்கும் தூரத்துக் கை. தோள் சுத்தம், அருகிலுள்ள கை சுத்தம். மற்றக் கை சத்தமில்லாமல் முன்னே நீண்டு சட்டையில் இருக்கும். இது நமக்கே தெரியாமல் நடக்கும். யாரிடமாவது கைப்பேசியில் படம் எடுக்கச் சொல்லிப் பாருங்கள், வெட்கமாக இருக்கும்.

கோல்கீப்பரிடம் போகாதீர்கள். பந்து அவர் கைக்கட்டுப்பாட்டில் இருக்கும்போது அவரோடு பந்துக்காக மோதவே கூடாது, தோளாக இருந்தாலும்.

8. எத்தனை நாள் ஆகும்

எனக்கு ஆறு வாரம் ஆனது. வாரத்தில் இரண்டு நாள், நாளுக்கு இருபது நிமிடம். செலவு ஏதுமில்லை, எடையிலும் உயரத்திலும் உங்களுக்குச் சமமான ஒரு கூட்டாளி போதும். சமமில்லாதவரோடு தொடங்கினால் இருவருமே தப்பாகக் கற்பீர்கள்.

முதல் வாரம் பந்தே வேண்டாம். ஒரு கோட்டின் இருபுறமும் நின்று, சட்டை விளிம்பைப் பிடித்தபடி, நடந்துகொண்டே தோளோடு தோள் சேருங்கள். யாராவது கோட்டைத் தாண்டி இடம் பெயர்ந்தால் ஒரு புள்ளி. அலுப்பாக இருக்கும், ஆனால் கால் எண்ணும் பழக்கம் இங்கேதான் வரும்: அவர் இடக்கால், வலக்கால், இடக்கால், இப்போது. இரண்டாம், மூன்றாம் வாரம் அதையே மெதுவோட்டத்தில். நான்காவது வாரம் மூன்றாவது ஆள் ஒருவர் உங்கள் இருவருக்கும் நடுவே பத்து மீட்டருக்குப் பந்தை உருட்டிவிட, இருவரும் ஒரே நேரத்தில் ஓடி எடுங்கள். கடைசி இரண்டு வாரம் அதே ஓட்டம், ஆனால் பந்தை எடுத்தவர் உடனே பாஸ் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. பாஸ் போகாவிட்டால் இடி எவ்வளவு அழகாக இருந்தாலும் புள்ளி கிடையாது.

ஐந்தாவது வாரத்தில் ஒரு மாலை. கூட்டாளி என்னைவிடக் கனமானவராகிவிட்டிருந்தார், அல்லது அப்படித் தோன்றியது. பந்து உருண்டது. அவர் இடக்கால் ஊன்றும் ஓசை கேட்டது, தோளைச் சேர்த்தேன். பெரிதாக எதுவும் நடக்கவில்லை. அவர் விழவில்லை, முகம் சுளிக்கவுமில்லை. ஒரு சாண் அகலம் விலகினார், அவ்வளவே. அந்த ஒரு சாணில் என் கால் இருந்தது, காலுக்கு முன்னால் பந்து இருந்தது. "நீ இடித்தாயா?" என்று திரும்பி நின்று கேட்டார்.

9. ஆட்ட நாளில்

முழங்காலுக்குக் கீழே அணியும் காப்பு (ஷின் கார்ட்) கட்டாயம். தோளை நம்பிப் போகிறவர்களின் காலும் உதை வாங்கும். நகையைக் கழற்றிவிடுங்கள்.

முதல் கால் மணி நேரத்தில் நடுவரைப் படியுங்கள். விதி ஒன்றுதான், ஆனால் கவனக்குறைவு எங்கே தொடங்குகிறது என்பது அவர் தீர்ப்பு. முதல் இரண்டு தோள் மோதல்களை விட்டுவிட்டாரா, விசில் ஊதினாரா என்று பார்த்து உங்கள் அளவை வைத்துக்கொள்ளுங்கள். ஊதினால் வாதாட வேண்டாம்; எதிர்ப்புக் காட்டுவதற்குத் தனியாக ஒரு மஞ்சள் அட்டை இருக்கிறது, ஏற்கெனவே ஒன்று வாங்கியிருந்தால் அது இரண்டாவது.

எதிராளி விழுந்தால் பந்து உங்களிடம் இருக்கும்வரை ஆடிக்கொண்டே இருங்கள். விழுவதாலேயே அது ஃபவுல் ஆகிவிடாது. கையைத் தூக்கி 'நான் ஒன்றும் செய்யவில்லை' என்று காட்டிக்கொண்டு நிற்பது, செய்தேன் என்று ஒப்புக்கொள்வதைப் போலவே இருக்கும்.

10. உங்களை இடித்தால்

பந்தோடு ஓடும்போது பக்கத்தில் மூச்சுச் சத்தம் கேட்டால் எட்டுகளைக் குறுக்குங்கள். குறுகிய எட்டில் இரு கால்களும் தரைக்கு அருகிலேயே இருக்கும், எந்த நேரத்திலும் ஊன்றலாம். பந்தை அவருக்கு அப்பால் உள்ள காலுக்கு மாற்றிவிடுங்கள். அவர் இடிக்கும் முன் நீங்களே மெதுவாக அவர் பக்கம் சாய்ந்து தோளைச் சேர்த்துக்கொண்டால், வேகம் சேர்க்க அவருக்கு இடைவெளி இருக்காது. சில சமயம் இதற்கு நேர்மாறாக, இடி வரும் நொடியில் சட்டென்று நின்றுவிடலாம்; அவர் உங்கள் முன்னால் காற்றை இடித்துக்கொண்டு போவார். நான் அப்படிப் போனவன்தான், பக்கக்கோட்டையும் தாண்டி, மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்ச் வரைக்கும்.